முட்டிக்குத் தேதி குறித்தல்

"கிரேட் ஃபோர்" என்றார் மருத்துவர். கணினித் திரையில் அம்மாவின் இரண்டு முட்டிகளும் வெள்ளையாகத் தெரிந்தன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளி உள்பக்கத்தில் காணாமல் போயிருந்தது.

அம்மா என் காதருகே குனிந்து, "நாலாம் வகுப்பா? நானும் அதோடதானே தோட்டத்துப் பள்ளிக்கூடத்த விட்டேன்" என்றார்.

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அறுவை சிகிச்சை எப்போது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அவசரமில்லை, என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். ஹுத்தான் மெலிந்தாங் திரும்பும்வரை காடியில் அம்மா பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து கோப்பி கலக்கும்போதுதான் கேட்டார்: "அவரு டாக்டரு. அவரே எப்பன்னு சொல்லாம என்னைக் கேட்டா எப்படி?"

அந்தக் கேள்வியில் ஒரு வரலாறு இருப்பதாக எனக்குப் பட்டது. அறுபத்தொன்பது வயதுவரை அவர் உடம்புக்கு அவரே தேதி குறித்ததில்லை. பெரட்டுக்குப் போகும் நேரம், பிள்ளை பெற்றபின் வேலைக்குத் திரும்பும் நாள், வேலையை விட்டு நிற்கும் வயது எல்லாவற்றையும் வேறு யாரோதான் குறித்தார்கள்.

முதலில் அந்த நாலாம் எண்ணின் கதை. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானத்தைச் சுழியத்திலிருந்து நான்குவரை அளக்கும் முறையை கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் 1957இல் வெளியிட்டார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1952இல், அவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் குனிந்தும் மண்டியிட்டும் வேலை செய்தவர்களின் முட்டிகள், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுடையதைவிட அதிகம் தேய்ந்திருந்தன. சுரங்கத்துக்காரர் எவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் பிரிட்டன் அரசு இதைச் சுரங்கத் தொழிலாளர்களின் தொழில்சார் நோயாக ஏற்று உதவித்தொகைப் பட்டியலில் சேர்த்தது 2009இல்தான்.

சுரங்கத்தை எண்ணிப் பார்த்தார்கள். பால்வெட்டை?

பால்மரம் வெட்டுவது கையின் வேலை என்றுதான் பார்க்காதவர்கள் நினைப்பார்கள். புதிதாகத் திறந்த மரத்தில் வெட்டு நெஞ்சுயரத்தில் இருக்கும், நின்றபடியே வெட்டலாம். வெட்ட வெட்டப் பட்டை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும். சில வருடத்தில் இடுப்புக்கு வரும், பிறகு முட்டிக்கு, பிறகு கணுக்காலுக்கு. மரம் கீழே இறங்க இறங்க ஆளும் இறங்க வேண்டும். ஒரு நிரைக்கு நானூறு, ஐந்நூறு மரம். மரத்துக்கு ஒருமுறை குந்தி எழுந்தாலே விடிந்து பசியாறுவதற்குள் எத்தனை நூறு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் இரண்டு வாளி தொங்கவிட்டு, கானுக்குக் குறுக்கே போட்ட பலகையில் நடந்து ஸ்டோருக்கு வர வேண்டும். பெர்ணம் ஆற்றங்கரை மண் ஈர மண், காலை உள்ளே இழுக்கும்.

செம்பனை வந்தபின் பெண்களுக்குக் கிடைத்தது உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. மரத்தடியில் குந்தி, குந்தியபடியே நகர வேண்டும். அம்மா இரண்டையும் செய்தவர்.

முட்டியை அடிக்கடி மடக்கும் வேலையும் பாரமும் சேர்ந்தால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் கூடும் என்று அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வு 1991இல் காட்டியது. அதை முழுமையாக அடைந்தவர் என் பாட்டி. கடைசி ஆறு வருடம் அவர் நடக்கவில்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்குப் பலகைக் கட்டை ஒன்றில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே வருவார். முட்டியில் கோயோக் ஒட்டியிருக்கும். தோட்டத்து டிரஸர் கொடுத்த வலிமாத்திரை டப்பா தலைமாட்டில் இருக்கும். "வயசானா அப்படித்தான்" என்பதே அந்த நோய்க்குத் தோட்டத்தில் இருந்த ஒரே பெயர்.

தோட்டத்து ஆஸ்பத்திரிகள் எதை எண்ணின என்பதைப் பார்த்தால் இது புரியும். மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு ஆகியவை ஆளைக் கொன்றன அல்லது பெரட்டிலிருந்து ஆளைக் குறைத்தன. அதனால் எண்ணப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விரல் போனால் இத்தனை விழுக்காடு, கண் போனால் இத்தனை என்று அட்டவணையே உண்டு. விபத்துக்குத் தேதி இருக்கிறது. தேய்மானத்துக்கு எந்தத் தேதியைப் போடுவது? முப்பது வருடத்தில் எந்தக் காலையில் பாட்டியின் முட்டி போனது?

வேடிக்கை என்னவென்றால், ரப்பரும் செயற்கை முட்டியும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கிளம்பியவை. பேராக்கில் ஹியூ லோ கோல கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டது 1877இல். பெர்லினில் தெமிஸ்டோக்லெஸ் குளுக் யானைத் தந்தத்தில் செய்த மூட்டை மனித முட்டியில் பொருத்தியது 1890இல். காசநோய் தின்ற மூட்டுகளில் வைத்ததால் அவை கிருமித்தொற்றில் தோற்றன. எங்கள் பக்கத்து ஜென்டராட்டாவில் வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் 1906இல் ரப்பர் கம்பெனி தொடங்கியபோது, முட்டியை மாற்றலாம் என்ற எண்ணத்தையே மருத்துவ உலகம் ஓரமாக வைத்திருந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1974இல் நியூயார்க்கில் வந்தது. தொடை எலும்பு முனைக்கு உலோக உறை, கீழே வழுவழுப்பான பாலிஎத்திலீன் தட்டு. ஜான் இன்சாலோடு அதை உருவாக்கியவர்களில் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்தும் ஒருவர். பிரதமராக இருந்த வாஜ்பாயிக்கு 2000இல் இடது முட்டியையும் அடுத்த வருடம் வலது முட்டியையும் மும்பையில் மாற்றியவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் இங்கேயும் கோயில் திண்ணையில் "முட்டி மாத்துறது" ஒரு பேச்சாக ஆனது.

1974இல் பாட்டி இன்னும் நிரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இப்போது அம்மாவின் "எப்போது"வுக்கு வருகிறேன். கிரேட் நாலு என்பதால் உடனே அறுக்க வேண்டும் என்றில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு சந்தைக்கு நடந்து போகிறவர்கள் உண்டு, படத்தில் சுமாராகத் தெரிந்தும் தூங்க முடியாதவர்களும் உண்டு. மருத்துவர்கள் கேட்பது வேறு: இரவில் வலி எழுப்புகிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டதா. முன்பு "இன்னும் வயசாகட்டும், மூட்டு பத்துப் பதினஞ்சு வருஷம்தான் தாங்கும்" என்பார்கள். 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி முழு முட்டி மாற்றங்களில் ஏறக்குறைய 82 விழுக்காடு 25 வருடம் தாங்குகின்றன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் மறுபடி அறுக்க நேரலாம். எழுபதைத் தாண்டினால் அது இருபதில் ஒருவர் அளவுதான். ஆக, பொறுப்பதில் ஓர் அர்த்தம் உண்டு. ஆனால் மிகவும் பொறுத்தால் தொடைத் தசை சுருங்கி, கால் வளைந்து, மாற்றிய பின்னும் நடை சரியாக வராது. உரிய நேரத்தில் செய்திருக்க வேண்டியவர்களில் 90 விழுக்காட்டினர் தாமதித்தார்கள் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அம்மாவிடம் நான் மறைக்கவில்லை.

"அப்ப அந்த அஞ்சுல ஒண்ணு நானா இருந்தா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்தது காசு. அரசு மருத்துவமனையில் படுக்கைக் கட்டணம் சொற்பம், ஆனால் முட்டிக்குள் வைக்கும் பொருளுக்குத் தனிக்கணக்கு. அரசு ஓய்வூதியருக்கு அதை அரசே கொடுத்துவிடும். பிள்ளை அரசாங்க ஊழியர் என்றால் பெற்றோருக்கும் சலுகை உண்டு. பால்வெட்டியவருக்கு ஓய்வூதியம் இல்லை, அம்மாவின் பிள்ளைகள் இருவருமே தனியார் வேலை. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் குறைந்த வருமானக்காரர்களுக்கு மருத்துவக் கருவிகளுக்காக 20,000 வெள்ளிவரை தருகிறது, செயற்கை மூட்டும் அதில் அடங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒட்டுப்பால் விற்ற காசையும் நகையையும் எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் வரிசையிலேயே இருக்கின்றன. மூன்று பேருக்கு நானே பாரம் நிரப்பிக் கொடுத்தேன்.

காசைவிட அம்மாவைத் தடுத்தவை வேறு இரண்டு. ஒன்று இனிப்புநீர். மூன்று மாதச் சர்க்கரை அளவு எட்டுக்குக் கீழே வராமல் அறுத்தால் கிருமித்தொற்றுப் பயம். அவருக்கு ஒன்பதுக்கு மேல். இரண்டாவது, குந்துவது. மாற்றிய முட்டி பெரும்பாலும் 110, 120 பாகைதான் மடங்கும். "கோலம் போட முடியாது, கக்கூஸ்ல குந்த முடியாது. அப்ப எதுக்கு?" வாழ்நாளெல்லாம் குந்திக் குந்தி முட்டியைத் தொலைத்தவர், இனிக் குந்த முடியாதே என்று கவலைப்பட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. குந்துவது கம்பெனி கற்றுக்கொடுத்ததல்ல, அவருடையது. அதில்தான் மீனறுத்தார், எங்களைக் குளிப்பாட்டினார், மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்.

இரண்டு மாதம் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்டும் பயிற்சி செய்தார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார். போன வாரம் சர்க்கரை அளவு 7.8. அன்றிரவு தாளில் எதையோ கிறுக்கி என்னிடம் நீட்டினார். திருவிழா முடிந்த மறு வாரம், திங்கட்கிழமை. முதலில் இடது கால்.

"அதுக்கு முன்னால ஒக்காந்து போற கக்கூஸ் வைக்கணும். குழாய்க்காரன்ட்ட நான் பேசிட்டேன், எண்ணூறு வெள்ளி கேக்குறான். நீ பேசிக் கொறச்சுப் பாரு."

வியாழக்கிழமை வருகிறார்.