காயல் துறையில் இறங்கிய புரவிகள்

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் வீரரைச் சுமந்து முன்னங்கால் தூக்கிப் பாயும் புரவிகளை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். முசரவாக்கத்தில் வாழும் நமக்கு அஃது அண்டையூர்க் காட்சி. கல்லில் அவை மிடுக்குக் குன்றாமல் நிற்கின்றன. உயிரோடு கடல் கடந்து வந்த புரவிகள் தமிழ் மண்ணில் என்ன ஆயின என்பதோ வேறு வரலாறு. அவ்வரலாற்றில் அரபு வணிகர்மீது ஒரு பழியும் சுமத்தப்பட்டுள்ளது. ஆதலின் அதனை ஆராய்வது நமது கடமையாகின்றது.

13ஆம் நூற்றாண்டில் பாண்டியரின் பெருந்துறை காயல். கீஷ் தீவின் அதிபரும் பெருவணிகருமான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்பும் ஒப்பந்தம் செய்திருந்தார் எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். அவருடைய உடன்பிறந்தார் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் சுந்தர பாண்டியனின் அமைச்சராகவே விளங்கினார். குதிரை ஒன்றுக்குச் செம்பொன் தீனார் 220. வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அதே விலை. அதாபேக் அபூபக்கர் காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மஅபர் முதலிய துறைகளுக்கு வந்தன என்றும், விலை 22 லட்சம் தீனார் என்றும் அவரே கணக்கிடுகின்றார். இப்பணம் அரசுக் கருவூலத்திலிருந்து அன்றிக் கோயில் வருவாயின் மிகுதியிலிருந்தும் தேவரடியார் மீதான வரியிலிருந்தும் வந்தது என்னும் அவரது செய்தியை நம் ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு எடுத்துப் பேசவில்லை.

கப்பலிலிருந்து இறங்கும்போது அவை தேர்ந்தெடுத்த இளம்புரவிகள். ஓராண்டு கழிந்தால் நிலைமை வேறு. 1292-93ஐ ஒட்டி இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஈராயிரத்திற்கு மேல் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார். காரணம் கூறுமிடத்தில்தான் பழி எழுகின்றது. குதிரை பேணத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. வணிகர்களோ இலாடம் கட்டுவோரை உடன் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுக்கின்றனர். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்பது அவர் கூற்று.

இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அதற்காக வணிகர் யாவரும் மாசற்றவர் என வாதிடவும் நாம் முன்வரவில்லை. ஆண்டுதோறும் உறுதியான விலை கிடைக்கும்போது குதிரை நெடுநாள் வாழ்வதில் விற்பவனுக்கு அக்கறை குறைவது இயல்பே. ஆயினும் அதே காலத்தவரான வஸ்ஸாஃப் இத்தகைய தடையைப் பற்றிப் பேசவில்லை. அவர் சுட்டுவன வேறு. பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிட்டு வேகவைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் குதிரைக்கு ஊட்டப்பட்டன. நாற்பது நாள் கொட்டிலில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தனர். பின்னர்ப் பயிற்சியும் அங்கவடியும் இன்றி ஏறி, வெறிகொண்டவர்போல் விரட்டினர். இதனால் மிக விரைந்த குதிரையும் சிறிது காலத்தில் தளர்ந்து மந்தமாயிற்று.

ஈண்டு ஒன்று நம் சிந்தையைத் தூண்டுகின்றது. அரபியர் பந்தயக் குதிரையைப் பழக்கும் முறைக்குத் ‘தள்மீர்’ என்று பெயர். முதலில் நன்கு ஊட்டிக் கொழுக்க வைப்பர். பின் தீனியைப் படிப்படியாகக் குறைத்துப் போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, தசை இறுகும்வரை ஓட்டுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வாறு பழக்கிய குதிரைகளுக்குத் தனித் தொலைவும் பழக்காதவற்றுக்குக் குறைந்த தொலைவும் வகுத்துப் பந்தயம் நடத்தியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பாண்டிய நாட்டுக் கொட்டிலில் இம்முறையின் முன்பாதி மட்டும் வந்து சேர்ந்து பின்பாதி வராமற் போயிற்றோ எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின் வணிகர் மறைத்தனர் என்பதைவிட, கற்பிக்க எவரும் அமர்த்தப்படவில்லை என்பதே பொருந்தும்.

இன்றைய கால்நடை மருத்துவமும் துணைக்கு வருகின்றது. மாவுச்சத்து மிகுந்த தீனி அளவு மீறினால் குதிரையின் குளம்புக்குள் அழற்சி உண்டாகி நடையே கெடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தீனி எலும்பை நலிவிக்கும். இந்நாட்டில் பிறந்த குட்டிகள் கோணற்காலுடன் இருந்தன என்னும் மார்க்கோ போலோவின் செய்திக்கு இஃது ஒரு விளக்கமாகலாம். கடிக்கும் ஈக்களால் பரவும் ‘சுர்ரா’ நோயின் கிருமியைக் கிரிஃபித் எவான்ஸ் பஞ்சாப் பகுதியில் கண்டறிந்தது 1880இல்தான். அதுவரை அந்நோய்க்கு எந்த இலாடக்காரரால் மருந்து சொல்லியிருக்க முடியும்?

மதுரைத் திருவிளையாடற் கதையில் அரசன் கொட்டிலில் கட்டிய பரிகள் ஓரிரவில் நரிகளாயின. பொன் கொடுத்து வாங்கிய புரவி கண்ணெதிரே உருக்குலைவதை அடிக்கடி கண்ட நாட்டில் இக்கதை வேரூன்றியதில் வியப்பில்லை.

1510இல் கோவா போர்ச்சுக்கீசியர் வசமானபின் விசயநகரத்திற்கு வரும் குதிரை வாணிகம் பெரிதும் அவர்கள் பிடிக்குள் சென்றது. அதற்கு முன்பு விசயநகரத்திலும் விலை கொடுக்கும் வழக்கம் பாண்டியர் காலத்தைப் போலவே இருந்திருக்கின்றது. சாளுவ நரசிம்மன் ஹோர்முஸ் குதிரைகளை உயிரோடாயினும் இறந்தாயினும் ஒரே விலைக்கு வாங்கினான் எனப் போர்ச்சுக்கீசியரான நூனிஸ் எழுதுகின்றார். கடலில் மாண்ட குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதுமாம்.