எட்டு ஒளியாண்டு தள்ளிப்போன நட்சத்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் இருந்தால் போதும், படித்துவிடலாம்.

"பூமியைப் போல இன்னொரு கோள் கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான்! அதில் "பூமியைவிட ஒன்றரை மடங்கு பெரியது" என்று ஒரு வரி இருக்கும். யார் போய் அளந்தார்கள்? அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன்.

நம் சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு சிவப்புக் குள்ளன்கள். சிறியவை, மங்கலானவை. ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. இவற்றைச் சுற்றிக் கோள் இருக்கிறதா என்று தேடியவர்களில் முன்னோடி பீட்டர் வான் டி காம்ப். அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் 24 அங்குலத் தொலைநோக்கியில், பர்னார்டு நட்சத்திரத்தை 1938 முதல் ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். அது லேசாகத் தள்ளாடுகிறது, வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று 1963-ல் அறிவித்தார். பத்து ஆண்டுகள் பாடப்புத்தகங்களில்கூட அது இருந்தது. 1973-ல் கேட்வுட், ஐக்ஹார்ன் என்ற இருவர் வேறு தொலைநோக்கிகளின் படங்களை அளந்தார்கள், தள்ளாட்டமே இல்லை. அதே ஆண்டு, அதே ஸ்வார்த்மோரில் இருந்த ஜான் ஹெர்ஷே மற்ற நட்சத்திரங்களையும் பார்த்தார். அவையும் அதே சமயத்தில் சேர்ந்து இடம் மாறியிருந்தன! 1949-ல் தொலைநோக்கியின் லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். வான் டி காம்ப் 1995-ல் இறக்கும்வரை தன் முடிவைக் கைவிடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை குறையவில்லை.

இனி நான் சொல்ல வந்த கதை. சீட்டஸ் என்ற திமிங்கல விண்மீன் கூட்டத்தில் எல்எச்எஸ் 1140 என்று ஒரு சிவப்புக் குள்ளன். சிலி நாட்டில், 40 செ.மீ. அகலக் கண்ணாடி கொண்ட எட்டுச் சிறு தொலைநோக்கிகளை வரிசையாக வைத்து இப்படிப்பட்ட குள்ளன்களையே கண்காணிக்கும் எம்-எர்த் என்ற திட்டம் இருந்தது. 2014-ல் அந்த நட்சத்திரத்தின் ஒளி சற்றே மங்கியதை அது பிடித்தது. குறுக்கே ஒரு கோள் போகிறது. 24.7 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பூமிக்குக் கிடைக்கும் வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெறுகிறது. 2017 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது.

கணக்கைப் பாருங்கள். சூரியனுக்குக் குறுக்கே பூமி போனால், 12,000 ரூபாயில் 1 ரூபாய் குறைவது போலத்தான் ஒளி குறையும். இங்கே நட்சத்திரம் சிறியது. ஆகவே 200 ரூபாயில் 1 ரூபாய் குறைந்தது. மறைந்தது பரப்பு, எனவே வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 200-க்கு வர்க்கமூலம் சுமார் 14. கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் 14-ல் ஒரு பங்கு. இந்த விகிதம் உறுதியானது.

சரி, நட்சத்திரத்தின் ஆரம் எவ்வளவு? அதற்கு அதன் உண்மையான பிரகாசம் தெரிய வேண்டும். அதற்குத் தூரம் தெரிய வேண்டும். தூரத்தை இடமாறு தோற்றத்தால் அளக்கிறோம்: கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் நகர்வதுபோல் தெரியுமே, அதேதான். பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரமும் அப்படி நகரும். 2017-ல் கையில் இருந்த அளவுப்படி தூரம் சுமார் 41 ஒளியாண்டு. அதன்படி கோளின் ஆரம் பூமியைப்போல் 1.43 மடங்கு. நட்சத்திரம் நொடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவதை நிறமாலையில் அளந்தார்கள். அதிலிருந்து கோளின் நிறை 6.6 பூமி. 6.6-ஐ 1.43-ன் கனத்தால் வகுத்து, பூமியின் அடர்த்தி 5.5-ஆல் பெருக்குங்கள். கன செ.மீ.க்குச் சுமார் 12.5 கிராம் வரும். ஈயத்தைவிட அடர்த்தி! இரும்பு நிறைந்த பெரும் பாறை என்று முடிவு கட்டினார்கள்.

2018 ஏப்ரலில் ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோள் தன் இரண்டாவது அளவுத் தொகுப்பை வெளியிட்டது. அதில் இந்த நட்சத்திரத்தின் தூரம் சுமார் 49 ஒளியாண்டு. பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் கோணத்தில் வித்தியாசம் ஒரு பாகையில் 2 லட்சத்து 65 ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் நட்சத்திரம் தூரமாகிவிட்டால், நமக்கு இவ்வளவு வெளிச்சம் தர அது பெரியதாக இருந்தாக வேண்டும். நட்சத்திரம் பெரியதானால் 14-ல் ஒரு பங்கும் பெரியதாகும். கோள் 1.73 ஆனது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது ஒரே நாளில் வீங்கிவிட்டது!

நிறையும் சிலியில் உள்ள எஸ்பிரெஸ்ஸோ கருவியால் செம்மைப்பட்டது. மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2024-ல் தந்த கணக்கு 5.6 பூமி. இப்போது அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள். சுமார் 6! பழையதில் பாதி. "பூமியைவிடக் கூடத்தானே?" என்று கேட்பீர்கள். பெரிய கோள் தன் எடையாலேயே உள்ளே நசுங்கும்; பூமி மாதிரி பாறையும் இரும்புமாக இருந்தால் இன்னும் அதிகம் வர வேண்டும். ஆகவே ஏதோ லேசான சரக்கு கலந்திருக்கிறது. கோளின் எடையில் பத்திலிருந்து இருபது சதவீதம்வரை தண்ணீரோ பனிக்கட்டியோ இருக்கலாம் என்கிறது அந்தக் குழு. பூமியில் இத்தனை கடல் இருந்தும் தண்ணீர் 0.1 சதவீதம்கூட இல்லை.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் பார்த்துவிட்டது. ஹைட்ரஜன் போர்த்திய குட்டி நெப்டியூன் அல்ல என்பது தெளிவாயிற்று. நைட்ரஜன் காற்று இருக்கலாம் என்று ஒரு மெல்லிய குறிப்பு மட்டும் கிடைத்தது. அதை நம்ப இன்னும் பல முறை பார்க்க வேண்டும். கோள் குறுக்கே வரும் நேரமும் வெப்பால் அந்தத் திசையைப் பார்க்க முடிகிற காலமும் ஆண்டில் சில முறையே ஒத்துவரும். ஆகவே பதில் வர வருடங்கள் ஆகும்.

நவம்பர், டிசம்பர் மாத முன்னிரவில் தெற்கே நல்ல உயரத்தில் தனியாக ஒரு நட்சத்திரம் தெரியும். பெயர் டிஃப்டா. கையை நீட்டி இரண்டு விரல் அகலம் அதற்கு வடக்கே போனால் எல்எச்எஸ் 1140 இருக்கும் இடம். கண்ணுக்குத் தெரியாது. கனடாவில் இருக்கும் பிள்ளைகள் தொடுவானத்துக்குச் சற்றுப் பக்கத்தில் தேடுங்கள்.