முதற் பதிவு

அகதிக் கோரிக்கையைப் பாதுகாப்பாகப் பதிவது என்றால் என்ன? 2020 மார்ச்சில் மொன்றியலில் வாழ்ந்த எமக்கு அதற்கு ஒரே அர்த்தந்தான் இருந்தது: கிருமி தொற்றாமல் பதிவது. எம்மவரின் வரலாறோ இன்னொரு அர்த்தத்தையும் சொல்கிறது.

1985 ஏப்ரல் 4ஆம் திகதி சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் சொல்லை நம்புவதா இல்லையா என்பதே கேள்வியானால், அவரை நேரில் கேளாமல் காகிதத்தை மட்டும் பார்த்து மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டனர். பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தனர். இந்தியாவிலிருந்து வந்ததாகவே அவர்கள் முதலிற் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியில் கப்பலேறியது பின்னர் வெளிவந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திற் சொன்ன பொய். ஆனால் ஏன் ஓடிவந்தார்கள் என்பதைவிட எங்கிருந்து ஏறினார்கள் என்பதே பெருங்கதையாயிற்று.

முதற் சொல் ஆளை விடாது. படிவத்தில் ஒரு திகதி, விசாரணையில் இன்னொரு திகதி என்றால் அதை மறதி என்று எடுத்துக்கொள்வது அரிது. முரண்பாடு என்றே எழுதிக்கொள்வார்கள்.

2020 மார்ச் 17 முதல் நேரடி அகதி விசாரணைகள் நிறுத்தப்பட்டன. 21ஆம் திகதி முதல், லக்கோலுக்கு அண்மையிலுள்ள றொக்ஸ்ஹாம் வீதியால் வந்தவர்கள் அமெரிக்காவுக்கே திருப்பப்பட்டனர். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்ப வழி செய்யப்பட்டது. கைரேகை பின்னர் எடுக்கப்படும். அதுவரை கிடைக்கும் ஒப்புதற் கடிதம் இடைக்கால மருத்துவக் காப்பைத் தந்தது. நோய்க் காலத்தில் அது சிறிய காரியமல்ல. வரிசையில் நின்று மூச்சுக்குப் பயப்படவும் தேவையிருக்கவில்லை.

ஆனால் நூலகங்கள் பூட்டியிருந்தன. கணினியோ பிரெஞ்சோ இல்லாதவர் யாரிடம் போவார்? தெரிந்த அண்ணை ஒருவர் தொலைபேசியிற் கேட்டு நிரப்புவார். ஒற்றையறை வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்க, முகாமில் தனக்கு நடந்ததை ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? சொல்லாமல் விட்டதும் பதிவாகிவிடுகிறது. பின்னர் சொன்னால், “ஏன் முதலிற் சொல்லவில்லை?” என்பார்கள்.

றொக்ஸ்ஹாம் வீதி 2021 நவம்பரில் மீண்டும் திறந்து, 2023 மார்ச்சில் மூடப்பட்டது. கணினி வழிப் பதிவு மட்டும் நோய்க் காலத்தோடு போய்விடவில்லை. ஆகவே புதிதாய் வருபவருக்கு நாம் செய்யக்கூடியது இதுதான்: கதையை முதலிற் தமிழில், தனிமையில், அவரே எழுதட்டும். நிரப்பிய படிவத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். பிரதியொன்று அவரிடம் இருக்கட்டும். பிழை கண்டால், விசாரணைக்குப் பத்து நாட்களுக்கு முன்னராவது திருத்திக் கொடுக்க விதியில் இடமுண்டு.

கிருமியிலிருந்து காப்பாற்ற முகக்கவசம் போதுமாயிருந்தது. சொல்லைக் காப்பாற்றப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.