மிஸ்ஸிங்: ஒரு செக்ரோல் கோப்பின் கதை

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஆபீசில் கிளாக்கராக இருக்கிற அண்ணன் ஒருவர் எட்டாம் திகதி ராத்திரி எங்களுக்குப் போன் எடுத்தார். "தம்பி, பத்தாந் திகதி சம்பளம் போடணும். பழைய கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் புதுசு வச்சாங்க. எக்செல் தொறக்குது. பட்டன அமுக்குனா ஏதோ லைப்ரரி இல்லன்னு சொல்லுது. தொரைக்கு இன்னும் சொல்லல."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். அந்தக் கோப்பை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருசம். யாரும் உள்ளே திறந்து பார்த்ததில்லை. செக்ரோலில் பேர் விழுந்த நாட்கள், அரைப்பேர், மேலதிகக் கிலோ, கைக்காசு, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிவு, கம்பெனி போடவேண்டிய 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் எல்லாம் ஒரு பட்டனுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தன. பட்டனை அமுக்கினால் 'கேன்ட் ஃபைண்ட் ப்ரொஜெக்ட் ஓர் லைப்ரரி' என்று ஒரு சின்னப் பெட்டி. சரி என்று தட்டினால் நிரலில் 'டேட்' என்ற ஒரு சொல் நீலத்தில் தெரிகிறது.

இங்கேதான் எல்லாரும் வழி தவறுவது. 'டேட்' என்பது இன்றைய திகதியைக் கேட்கிற சாதாரணக் கட்டளை. அது தொலையவே முடியாது. 'ஃபோர்மட்', 'லெஃப்ட்', 'ட்ரிம்' மாதிரியான ஒன்றும் அறியாத சொற்களிலும் இதே பிழை வந்து நிற்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும்போது விபிஏ, கோப்போடு இணைத்த நூலகங்களின் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலில் ஒன்று உடைந்திருந்தாலும் தேடலே குலைந்துவிடும். நாலாவது லயத்தில் களவு போனதற்கு முதல் லயத்துக்காரரைப் பிடித்து வைத்த கதை. 'டேட்' என்பதை 'விபிஏ.டேட்' என்று மாற்றினால் அந்த வரி தாண்டிவிடும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். தாண்டும்தான். அடுத்த வரியில் இன்னொரு அப்பாவி மாட்டுவார்.

பார்க்கவேண்டிய இடம் வேறு. ஆல்ட்டும் எஃப்11உம் அமுக்கி எடிட்டரைத் திறந்து, டூல்ஸ், ரெஃபரன்சஸ். (அது மங்கலாகக் கிடந்தால் நிரல் நடுவழியில் நிற்கிறது என்று அர்த்தம். ரீசெட் அமுக்கவேண்டும்.) அங்கே டிக் போட்ட பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு முன்னால் 'மிஸ்ஸிங்:' என்று இருந்தது. ஒன்று திகதி தெரிவு செய்கிற கன்ட்ரோல் இருக்கும் 'விண்டோஸ் காமன் கன்ட்ரோல்ஸ்-2'. மற்றது 'வேர்ட் 16.0 ஒப்ஜெக்ட் லைப்ரரி'.

'புதுசு' என்று அண்ணன் சொன்ன கம்ப்யூட்டர் வேறெங்கோ பாவித்துவிட்டு அனுப்பிய ஒன்று. அதில் ஆபிஸ் 2010, 64 பிட். தூக்கிக்கொண்டு போன பழசில் இருந்தது ஆபிஸ் 2016, 32 பிட். பாதி விடை இதிலேயே கிடைத்துவிட்டது. மீதிக்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க்கை வெளியிட்டார்கள். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. லோட்டஸில் மேக்ரோ என்பது கட்டங்களுக்குள்ளேயே எழுதிவைத்த விசை வரிசைகள்தான். எக்செல்லின் பழைய மேக்ரோக்களும் தாள்களிலேயே கிடந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கோப்பு போன இடமெல்லாம் மேக்ரோவும் கூடவே போனது.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு மேக்ரோ மொழி என்ற நிலை மாறி எல்லாவற்றுக்கும் பேசிக் பொதுவாக வரவேண்டும் என்பது பில் கேட்ஸின் பழைய ஆசை. 1987இலேயே பைட் சஞ்சிகையில் அதைப் பற்றி எழுதினார். 1991இல் எக்செல் அணியில் சேர்ந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இளைஞர்தான் எக்செல்லுக்குள் பேசிக் எப்படி வரவேண்டும் என்று சுமார் 500 பக்க வரைவு எழுதினார். 1992இல் அதைக் கேட்ஸ் முன்னால் வைத்த கதையைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். கேட்ஸ் விடாமல் கேட்டது திகதிக் கணக்கைப் பற்றி. 1900ஐ லோட்டஸ் தவறாக லீப் வருடம் என்று எண்ணியது. லோட்டஸ் கோப்புகள் அப்படியே திறக்கவேண்டும் என்பதற்காக எக்செல் அந்தத் தவறையும் எடுத்துக்கொண்டது. பேசிக்கோ முதல் நாளை 1899 டிசம்பர் 31 என்று வைத்துச் சமாளித்தது. அதனால் 1900 மார்ச் 1இலிருந்துதான் இரண்டும் ஒத்துப்போகின்றன. நம் செக்ரோலின் திகதிப் பத்தி இன்றைக்கும் இந்தச் சமரசத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதையில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எக்செல் அணி பேசிக் அணியிடம் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று லேட் பைண்டிங். இன்னொரு மென்பொருளைக் கூப்பிடும்போது, அதன் நூலகத்தை முன்கூட்டியே இணைக்காமல் ஓடும் நேரத்தில் பெயர் சொல்லிக் கேட்கிற முறை. மேக்ரோ எழுதுகிறவர்கள் கணக்காளர்கள், கிளாக்கர்கள். வகைகள், இடைமுகங்கள் என்று அவர்கள் தலையைப் போட்டு உடைக்க மாட்டார்கள் என்பது ஸ்போல்ஸ்கி சொல்லும் காரணம். ஆக, ஹட்டன் பக்கத்துக் கிளாக்கர் போன்றவர்களை நினைத்தே ஒரு கதவு ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதை யாரும் அவருக்குக் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

1993இல் எக்செல் 5 விபிஏயோடு வந்தது. எக்செல் 97இல் இன்றைக்கு நாம் பார்க்கிற எடிட்டர். வகுப்புகளும் புத்தகங்களும் அநேகமாகச் சொல்லிக்கொடுத்தது மற்ற வழியை: ரெஃபரன்சஸில் டிக் போடு, புள்ளி வைத்தவுடன் பட்டியல் விழும், வேலை சுலபம். சுலபம்தான். ஆனால் கோப்பு அந்த நூலகத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. நூலகத்தின் ஒரு நீண்ட அடையாள எண், பதிப்பு எண், அது இருந்த பாதை, பெயர் இவ்வளவைத்தான் எழுதிவைக்கிறது. அதாவது ஒரு துண்டு. 'சாமான் அங்கே இருக்கு, போய் எடுத்துக்கோ' என்று சொல்கிற துண்டு. கங்காணி காலத்துத் 'துண்டு' இங்கே எங்களுக்கு நினைவு வராமல் இல்லை. தொழிலாளியின் கடன் வேறொரு தோட்டத்தில் நிற்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று சொல்லும் சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

எக்செல்லின் துண்டுக்கு ஒரு திசை உண்டு. பழைய ஆபிஸில் செய்த கோப்பைப் புதியதில் திறந்தால் வேர்ட், அவுட்லுக் நூலகங்களைத் தானே புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளும். மேலே ஏறும், கீழே இறங்காது. 2007 என்பது 12, 2010 என்பது 14 (13ஐ விட்டுவிட்டார்கள்), 2016க்குப் பிறகு வந்தவையெல்லாம் 16. 16இல் சேமித்த கோப்பை 14இல் திறந்தால் மிஸ்ஸிங். புது மெஷின்கள் ஏறிக்கொண்டே போகிற இடத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. கொழும்பு பாவித்துவிட்டு மலைக்கு அனுப்புகிற இடத்தில் தினமும் தெரியும்.

எல்லாப் பழியும் பாவிக்கிறவர் மேல் இல்லை. ஆபிஸ் 2010இல்தான் 64 பிட் முதன்முதலாக வந்தது. திகதித் தெரிவுக் கன்ட்ரோல் 32 பிட்டுக்கு மட்டும் எழுதப்பட்டது. என்ன கழுத்தைப் பிடித்தாலும் 64 பிட்டில் அது ஏறாது. அதே 2010இல் பழைய காலண்டர் கன்ட்ரோலையும் தூக்கிவிட்டார்கள். 2011இல் விண்டோஸ் 7இன் முதலாவது சேவைப் பொதி, தரவுத்தளத்தோடு பேசுகிற ஏடிஓ நூலகத்தை உள்ளே மாற்றியது. அதில் தொகுத்த நிரல் பழைய விண்டோஸில் ஓட மறுத்தது. அதைச் சரிசெய்ய 2012 வரை ஆனது. 2014 டிசம்பரில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்போடு தாளிலிருந்த பட்டன்களே அமுங்காமல் போயின. தற்காலிகக் கோப்புறையில் கிடக்கும் 'இஎக்ஸ்டி' கோப்புகளை அழித்தால் சரியாகும் என்று கண்டுபிடிப்பதற்குள் பலர் பாதி நிரலைத் திருத்தி எழுதிவிட்டார்கள்.

சரி, நாங்கள் செய்தது. முதலில் கோப்புக்கு ஒரு நகல். பிறகு இரண்டு மிஸ்ஸிங் வரிகளின் முழுப் பெயரையும் பாதையையும் தாளில் எழுதிக்கொண்டோம், டிக்கை எடுத்தால் பட்டியலிலிருந்து அது மறைந்துவிடும் என்பதால். காணாமல்போன கோப்பைக் கண்ட இணையத்தளத்திலிருந்து இறக்கிப் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். சம்பளக் கணக்கு இருக்கிற மெஷினில் அதைச் செய்யக்கூடாது என்று மறுத்துவிட்டோம். திகதிக் கன்ட்ரோலை ஃபோர்மிலிருந்தே அழித்து, டிக்கையும் எடுத்து, தாளில் ஒரு கட்டத்தில் திகதி அடிக்கும்படி வைத்தோம். திகதி தவிர வேறு எதையும் ஏற்காத கட்டம். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்ததால் 3/7 மார்ச் ஏழாக விழுந்தது. அதையும் மாற்றினோம்.

வேர்டைத் தேடியது சம்பளத் துண்டை பிடிஎஃப் ஆக்குவதற்கு. டிக்கை எடுத்துவிட்டு 'கிரியேட் ஒப்ஜெக்ட்' என்று ஓடும் நேரத்தில் கூப்பிட வைத்தோம். பிழை வரவில்லை, கோப்பும் உருவானது, ஆனால் திறக்கவில்லை. நூலகம் போனால் அதன் மாறிலிகளின் பெயர்களும் போய்விடும். 'பிடிஎஃப் வடிவம்' என்று பெயரால் குறித்திருந்தது உண்மையில் 17 என்ற எண். பெயர் தெரியாதபோது விபிஏ அதை ஒரு புது வெற்று மாறியாக எடுத்துக்கொண்டது. வெற்று என்றால் 0. 0 என்றால் பழைய வேர்ட் வடிவம். வெளியில் பிடிஎஃப் பெயர், உள்ளே வேர்ட் கோப்பு. நிரலின் தலையில் 'ஒப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்று ஒரு வரி இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கும். போட்டோம். 17ஐயும் போட்டோம். பிறகு டீபக், கம்பைல்.

அறிவிக்காத வேறு மாறிகளும் வரிசையாக வந்து நின்றன. அவற்றைத் திருத்தும்போதுதான் நடுவில் 'ஒன் எரர் ரெசூம் நெக்ஸ்ட்' கண்ணில் பட்டது. பிழை வந்தாலும் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போ என்கிற கட்டளை. அது இருந்த இடம், ஆளின் பெயரை வைத்து சேமலாப நிதி இலக்கத்தைத் தேடி எடுக்கிற இடம். அந்த வரியைத் தூக்கிவிட்டு ஓடவிட்டோம். நின்றது. ஒரு அக்காவின் பெயரில்.

பெயர் இரண்டு தாளிலும் இருந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி. ஆனால் இலக்கங்கள் இருந்த பழைய தாள் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பிறகு வந்த கிளாக்கர்கள் சில பெயர்களைச் செக்ரோல் தாளில் யூனிகோடில் அடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. தேடல் தோற்கும், பிழையை யாரும் கேட்கமாட்டார்கள், மாறியில் முந்தின ஆளின் இலக்கம் அப்படியே நிற்கும். அந்த அக்காவின் பணம் பட்டியலில் அவருக்கு மேல் இருந்தவரின் இலக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்படி மூன்று பேர்.

மிஸ்ஸிங் என்று சொன்ன நூலகங்கள் இரண்டும் ஒரு நாள் வேலைதான். எதையும் சொல்லாமல் ஓடிய வரிதான் மாதக்கணக்காகப் பணத்தை எடுத்தது.

பெயரை வைத்துத் தேடாமல் செக்ரோல் இலக்கத்தை வைத்துத் தேடும்படி மாற்றினோம். ஒரே டிவிசனில் நாலு லெட்சுமி இருக்கிற இடத்தில் பெயரை நம்பியதே தப்பு. நிரலுக்குள் தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகக் கிடந்தன. அந்த எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. 'த' என்று எழுத 2980 என்று எண்ணைக் கொடுக்கவேண்டும். தலைப்புகளைத் தாளிலிருந்தே எடுக்கவைத்தோம்.

வேலை நடக்கும்போது அண்ணன் தன் தாத்தாவின் கதையைச் சொன்னார். 1948 குடியுரிமைச் சட்டப்படி, இங்கேயே பிறந்திருந்தாலும் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் பூட்டனும். ஆள் இருக்கிறார், பிறந்த இடமும் இருக்கிறது, சுட்டிக்காட்டும் கடதாசி இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணாகப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. "எங்க தாத்தா பேர மூணு கடதாசில மூணு விதமா எழுதியிருந்தாங்க தம்பி" என்றார் அண்ணன். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் கார்டுகளை எடுத்துவர எழுந்து போனார்.

ஒன்பதாம் திகதி இரவு ஏழு மணிக்குப் பட்டன் வேலை செய்தது. மூன்று பேரின் இலக்கங்களையும் கார்டைப் பார்த்துத் திருத்தினார். பத்தாம் திகதி சம்பளம் நேரத்துக்குப் போட்டார்கள். ஆனால் முந்தின மாதங்களுக்கான சீ படிவங்கள் தவறான இலக்கத்தோடு ஏற்கனவே போய்விட்டன. எத்தனை மாதம் என்று பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த அக்காவுக்கு அடுத்த வருசம் ஓய்வு.