கூட்டத்தை விட்டு வந்த சாரீரம்: ஜொகூரின் ராக் இசையும் தனிப்பாடகரின் பாப் பிரவேசமும்

ரப்பரும் செம்பனையும் சூழ ஜொகூர் மாநிலத்தின் நடுவே அமைந்த குளுவாங், சங்கீத சரித்திரத்தில் தனக்கென ஓர் அத்தியாயம் கோரும் ஊரன்று. ஆயினும், கெமாஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் இரயில்பாதை 1909-இல் நிறைவுற்ற காலந்தொட்டு, வடக்கே கோலாலம்பூரிலிருந்தும் தெற்கே சிங்கப்பூரிலிருந்தும் புறப்படும் ஆளும் சரக்கும் இவ்வூர் வழியே போய்வந்தமையால், மலாய் ஜனரஞ்சக சங்கீதத்தின் தலைமை அவ்விரு நகரங்களுக்கிடையே கைமாறிய வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இதனினும் வசதியான இடம் வாய்ப்பது அரிது.

குளுவாங்கிலிருந்து அவ்வரலாற்றை நோக்குவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது பழைய முறையீடு ஒன்று: ராக் குழுவொன்றின் பாடகர் தனியே வந்து பாப் பாடத் தலைப்படுவதை ரசிகர் பலர் கொள்கைத் துரோகமாகவே கருதுவர். 1981-இல் ஜெனஸிஸ் குழுவின் ஃபில் காலின்ஸ் 'ஃபேஸ் வேல்யூ'வையும், 1985-இல் குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரி 'மிஸ்டர் பேட் கை'யையும் வெளியிட்டபோது, இருவரும் தத்தம் குழுக்களைக் கைவிடாதிருந்தும், அத்தகைய முணுமுணுப்பு எழாமலில்லை. மலாய் ராக் இசையைப் பொறுத்தமட்டில் இவ்வபிப்பிராயம் செல்லாது என்பதே என் துணிபு. ஏனெனில் அங்கே பாப் என்பது வெளியிலிருந்து வந்து பாடகரைக் கவர்ந்து சென்ற அந்நியப் பொருளன்று, ராக்கின் உள்ளேயே ஆதிமுதல் குடியிருந்த பொருள்.

பீட்டில்ஸ் அலையில் தோன்றிய 1960-களின் 'பாப் யே யே' காலத்திலேயே, கிதார்க் குழுவும் மெல்லிய காதற்பாட்டும் ஒரே மேடையில் கூடி வாழப் பழகிவிட்டன. பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்களாகிய டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நடத்திய அலிகேட்ஸ் குழுவினர், 1979-இல் 'தெரிமா காசே' என்னும் தொகுப்பின் மூலம் மலாய் இல்லங்களிலெல்லாம் பிரசித்தி பெற்றனர். தாய்மொழி தமிழாக இருந்தும் மலாய் பாப் இசையில் முன்வரிசை ஸ்தானம் வகித்த அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சொற்பம் என்பதை இங்கே வருத்தத்துடன் குறிக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அதே 1979-இல் சிங்கப்பூரில் ஸ்வீட் சாரிட்டி குழுவின் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதன் கரகரத்த குரலோனாகிய ரம்லி சாரிப், 1980-களில் தனிப்பாடகராகி, ஆவேசத்தைத் தணித்துத் தத்துவச் சாயலுள்ள பாடல்களில் இறங்கினார். அலிகேட்ஸுக்கு மெட்டமைத்த எம். நாசிரே பின்னர் ராக் குழுக்களுக்கும் மெட்டமைத்தவராதலால், இரு முகாம்களுக்கும் நடுவே இருந்ததாகச் சொல்லப்படும் மதில் எத்துணை மெல்லியது என்பது விளங்கும்.

இப்பரிணாமத்தின் நடுநாயகம் 1981-இல் ஜொகூர் பாருவில் உருவான ஸெர்ச் குழு. 1985-இல் 'சிந்தா புவாத்தான் மலேசியா' என்னும் முதல் தொகுப்பை வெளியிட்ட அக்குழு, மக்கள் 'ராக் காப்பாக்' என்றழைத்த நீண்ட கூந்தல், இறுகிய காற்சட்டை யுகத்தின் கொடியேந்தியாக விளங்கிற்று. ஆனால் அதன் பெயரை இந்தோனேசியா வரை கொண்டு சென்றது முழக்கம் மிக்க பாட்டன்று. 1989-இல் வெளிவந்த 'ஃபெனோமேனா' தொகுப்பிலுள்ள 'இஸபெல்லா' என்னும் காதற்சோகப் பாட்டேயாம். பாடகர் ஏமியின் குரல் மேல்ஸ்தாயியில் ஏறி, உடைந்துவிடுமோ என்று கேட்போர் அஞ்சும் நிலையில் நின்று இரங்கும் சுபாவமுடையது. கிதாரின் இரைச்சலை ஒதுக்கிவிட்டு அக்குரலை மட்டும் கேட்பவனுக்கு அது ஒரு பாப் பாடகரின் சாரீரமாகவே தோன்றும். அடுத்த ஆண்டு அதே பெயரில் வந்த திரைப்படத்தில் ஏமி நடித்தார். 1990-களின் தொடக்கத்தில் இந்தோனேசியப் பாடகி இங்கா கிறிஸ்டியுடன் இணைந்து அவர் பாடிய 'சிந்தா கீத்தா' போன்ற ஜோடிப் பாடல்களில் கிதார் பின்வாங்க, மெல்லிசையே முன்னின்றது. குழுவைத் துறக்காமலே குழுவுக்கு வெளியே ஒரு வாழ்வை அவர் இவ்வாறு அமைத்துக்கொண்டார்.

இம்மாற்றத்திற்கு ரசனை மட்டுமே காரணமென்று கூறுவது பாதி உண்மையாகும். நீண்ட முடியுடைய கலைஞர்கள் அரசாங்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றலாகாதென 1992-இல் தடை வந்தபோது, ஸெர்ச்சின் ஏமியும் விங்ஸ் என்னும் ராக் குழுவின் ஆவியும் ஜொகூர்க்காரராகிய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட்டின் முன்னிலையில் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள நேர்ந்தது. அரசாங்க அலைவரிசையின்றிப் பாட்டு ஊர் சேராத காலம் அது; கூந்தலோடு ராக்கின் புறவேஷமும் கழிய, எஞ்சியது குரலே. 1988-இல் 'ஹுக்கும் கர்மா' தொகுப்பின் வழியே விங்ஸ் குழுவின் குரலாகிய ஆவி, 1994-இல் 'செம்பிலு' என்னும் வெற்றிப் படத்தின் நாயகராகி, 'ஐரிஸ்' போன்ற தனிப்பாடல்களால் ராக் இசையையே விரும்பாத இல்லங்களிலும் நுழைந்தார்.

இங்கே ஒரு விசேஷம். தனியே பாடினாலும் இவர்களையும், இக்லிம் குழுவின் பாடகர் சலீமையும், குழுப்பெயருடன் சேர்த்தே ஏமி ஸெர்ச், ஆவி விங்ஸ், சலீம் இக்லிம் என்று மக்கள் அழைத்தனர். அரியக்குடி, செம்மங்குடி என்னும் ஊர்ப்பெயர்கள் கர்நாடக சங்கீத வித்வான்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் சென்னையில் குடியேறிய பின்னும் விலகாதது போல, குழுவே இவர்களுக்குப் பூர்விக ஊராயிற்று. பாப் பாடச் சென்றவரை ஊரைவிட்டு ஓடிப்போனவராக அன்றி, வெளியூரில் சம்பாதிக்கச் சென்றவராகவே மலாய் ரசிகர் மதித்ததற்கு இவ்வழக்கமே தக்க சான்று.

விதிவிலக்கெனத் தக்கவர் எல்லா. தி பாய்ஸ் குழுவுடன் தொடங்கிப் பின் தனித்து நின்ற அவ்வம்மையாரின் பெயரில் குழுவின் சுவடு தங்கவில்லை. 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டிகள் நடைபெற்றபோது, அவற்றின் கருப்பாடலை ஆங்கிலத்தில் பாடும் பொறுப்பு அவருக்கே அளிக்கப்பட்டது. ஆறாண்டுகட்கு முன் கத்தரிக்கோலுடன் ராக் கலைஞரை எதிர்கொண்ட அதே அரசு, உலகின் முன் தன் குரலாக ஒரு ராக் பாடகியைத் தேர்ந்தெடுத்தது. பாடிய பாட்டோ, அப்பட்டமான பாப்.