புற்றழி வைரஸ் மருத்துவம்

புற்றுநோய்ச் செல்களைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களையே மருந்தாகச் செலுத்தும் சிகிச்சை முறை. இயல்பிலேயே இத்தன்மை உடைய வைரஸ்களும், மரபணு மாற்றப்பட்ட வைரஸ்களும் இதில் பயன்படுகின்றன.

செயல்படும் விதம்

வைரஸ் நுழைந்ததும் நலமான செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து அதன் பெருக்கத்தைத் தடுக்கும். புற்றுச் செல்கள் பலவற்றில் இந்தத் தற்காப்பு பழுதுபட்டிருக்கும். அங்கே வைரஸ் தடையின்றிப் பெருகிச் செல்லை உடைத்து, அண்டைச் செல்களுக்குப் பரவுகிறது. உடைந்த செல்லிலிருந்து வெளிப்படும் புற்றுப் புரதங்களை இனங்கண்டுகொள்ளும் நோயெதிர்ப்புச் செல்கள், ஊசி போடாத இடத்துக் கட்டிகளையும் தாக்குகின்றன. இச்சிகிச்சையின் முக்கியப் பயன்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு

தொற்று கண்டபின் புற்று தணிந்த நோயாளிகளைக் கூர்ந்து கவனித்த மருத்துவர்களே இத்துறையின் முன்னோடிகள். இன்ஃபுளுவென்சா எனக் கருதப்பட்ட காய்ச்சலுக்குப்பின் வெள்ளணுப் புற்றுநோய் சில காலம் தணிந்த பெண் ஒருவரைப் பற்றி 1904இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டாக் எழுதினார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்ணின் கருப்பை வாய்ப் புற்று சுருங்கியதை 1912இல் இத்தாலியின் நிக்கோலா டி பாச்சே பதிவு செய்தார்.

1949இல் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று கண்ட 22 பேருக்குக் கல்லீரல் அழற்சி வைரஸ் செலுத்தப்பட்டது. சிலருக்குக் குணம் தெரிந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் நிறுவனத்தில் ஆலிஸ் மூர், ரஷ்ய மூளையழற்சி வைரஸால் சுண்டெலிகளின் சார்கோமாக் கட்டியை அழித்துக் காட்டினார். எலிகளோ மூளையழற்சியால் மாண்டன. பின்னர் அவரும் செஸ்டர் சவுதமும் முற்றிய புற்றுநோயாளிகள் 34 பேரிடம் மேற்கு நைல் வைரஸைச் சோதித்து 1952இல் முடிவுகளை வெளியிட்டனர். 1956இல் கருப்பை வாய்ப் புற்று கண்ட 30 பேருக்கு அடினோவைரஸ் கொடுக்கப்பட்டது. கட்டிகள் பல அழுகிச் சிதைந்தபோதும் ஆயுள் நீளவில்லை. 1971இல் உகாண்டாவில் தட்டம்மை கண்ட சிறுவனின் பர்கிட் நிணநீர்ப் புற்று மறைந்தது. 1974இல் ஜப்பானில் பொன்னுக்கு வீங்கி வைரஸ் பெற்ற 90 பேரில் 37 பேரின் கட்டி மறைந்தோ பாதிக்கும் கீழே குறைந்தோ போனது.

நோய் விளைவிக்கும் வைரஸை அடக்கும் வழி தெரியாததால் இத்துணிவான முயற்சிகள் தேங்கின. 1991இல் ராபர்ட் மார்ட்டூசாவின் குழு, ஹெர்ப்பிஸ் வைரஸின் மரபணு ஒன்றைச் செயலிழக்கச் செய்து, அது பெருகும் செல்களில் மட்டுமே வளருமாறு மாற்றி, மூளைக் கட்டியுள்ள சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியது. இத்துறை மீண்டும் உயிர்பெற்றது இதனால்தான்.

இன்றைய நிலை

தலை, கழுத்துப் புற்றுக்கு எச்101 என்னும் அடினோவைரஸைச் சீனா 2005இலும், மெலனோமா தோல் புற்றுக்கு டி-வெக் என்னும் ஹெர்ப்பிஸ் வைரஸை அமெரிக்கா 2015இலும் ஏற்றன. மூளைக் கட்டிக்கு ஜி47டெல்டா ஹெர்ப்பிஸ் வைரஸை ஜப்பான் 2021இல் நிபந்தனையுடன் அனுமதித்தது. பிற புற்றுகளுக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.