பார்த்திபன் கனவு (1960 திரைப்படம்)

‘பார்த்திபன் கனவு’, கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் அதே பெயருள்ள சரித்திர நாவலைத் தழுவி 1960 ஜூன் மாதம் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ஜூபிலி பிலிம்ஸ் தயாரிப்பு. இயக்கம் டி. யோகானந்த், வசனம் விந்தன், இசை வேதா. ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, எஸ்.வி. ரங்காராவ் முக்கிய வேடங்களில் நடித்தனர். வாள் சண்டை, மாறுவேடம், நாடு கடத்தல், காபாலிகர் கூட்டம், ஆற்று நடுவே மாளிகை என்று சாகசக் கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் இதில் உண்டு. கதையின் மையம் உறையூர். அதாவது இன்றைய திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. 2022இல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ வரும்வரை, கல்கியின் மூன்று பெரிய சரித்திர நாவல்களில் திரைக்கு வந்தது இது ஒன்றுதான்.

நாவல் 1940களின் தொடக்கத்தில் ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குத் திருச்சி வந்தவர். தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேரப் படிப்பை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு சிறை சென்றார். கப்பம் கட்ட மறுக்கும் ஒரு சிற்றரசனின் கதையை வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், அப்படிப்பட்ட ஒருவர் எழுதினார் என்பதை மறந்துவிட்டு நாவலைப் படிக்க முடியாது. 1960இல் படம் வந்தபோது சுதந்திரம் கிடைத்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சூடு திரையில் தணிந்திருப்பது இயல்புதான்.

கதை ஏழாம் நூற்றாண்டில் நடக்கிறது. உறையூர்ச் சோழன் பார்த்திபன், காஞ்சிப் பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மனுக்குக் கப்பம் கட்ட மறுத்து, வெண்ணாற்றங்கரைப் போரில் வீழ்கிறான். சோழ நாடு மறுபடி பெருநாடாக வேண்டும், புலிக்கொடி கடல் தாண்டிப் பறக்க வேண்டும் என்பது அவன் கனவு. அதைச் சித்திரங்களாகத் தீட்டி வைத்து மகன் விக்கிரமனுக்குக் காட்டியிருக்கிறான். குற்றுயிராய்க் கிடக்கும் பார்த்திபனிடம் ஒரு சிவனடியார் வந்து, பையனை வீரனாக வளர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறார். வளர்ந்த விக்கிரமன் கலகம் செய்கிறான். சித்தப்பா மாரப்ப பூபதி காட்டிக்கொடுக்க, பிடிபட்டுக் கடல் கடந்த செண்பகத் தீவுக்கு அனுப்பப்படுகிறான். அந்தத் தீவுக்கே அரசனாகிறவன், பிறகு இரத்தின வியாபாரி வேடத்தில் மாமல்லபுரம் வந்து இறங்குகிறான். தாயைப் பார்க்க வேண்டும். தந்தை விட்டுச்சென்ற பெட்டியையும் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பவை குலத்து உடைவாளும் ஒரு திருக்குறள் சுவடியும். இடையில் பல்லவன் மகள் குந்தவியோடு காதல். முடிவில் சிவனடியார் நரசிம்மவர்மனே என்று தெரியவருகிறது. நாடு கடத்தப்பட்டவன் திரும்பி வந்த குற்றத்துக்குச் சக்கரவர்த்தி தரும் தண்டனை, சுதந்திரச் சோழ நாட்டின் மணிமகுடத்தைத் தலையில் சுமப்பது.

அரசனே மாறுவேடத்தில் வந்து, உரிமை இழந்த இளைஞனுக்குத் துணை நிற்பது சாகச நாவல்களின் பழைய சூத்திரம். வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வில் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு கறுப்பு வீரனாக வருவதும் இதே வேலைதான்; அது 1952இல் ஹாலிவுட் படமானது. கல்கி செய்த புதுமை, மாறுவேடத்தில் வருபவனை இளைஞனின் பரம எதிரியாகவே வைத்தது. வாசகருக்கு நடு நடுவே சந்தேகம் வரும், போகும். எழுத்தில் ‘சிவனடியார்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் முகத்தை எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம். திரையில் அது நடக்காது. ஜடாமுடி, தாடி, விபூதி எல்லாம் சாத்தினாலும் சிவனடியாராக வரும் ரங்காராவின் உடல்வாகும் குரலும் எந்தக் கொட்டகையிலும் தெரிந்துவிடும். ஆகவே ‘யார் இவர்?’ என்ற கேள்வி படத்தில் பலமிழக்கிறது; ‘பையனுக்கு எப்போது தெரியும்?’ என்பதே கதையை இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ரங்காராவ் இருப்பதால் அது இழுத்துச் செல்கிறது. படத்தின் பலம் நாயகனைவிட அவரிடம்தான் இருக்கிறது என்று சொன்னால் ஜெமினி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் நாவலிலும் விக்கிரமன் அப்படித்தான்: வாள் வீச்சைவிட வாய்வீச்சு அதிகம்.

பார்த்திபன், விக்கிரமன் இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். நரசிம்மவர்மனும், சாளுக்கியத் தலைநகர் வாதாபியை அவன் வென்றதும் (642), அவன் படைத்தலைவர் பரஞ்சோதி என்ற சிறுத்தொண்டரும் கல்கி எடுத்துக்கொண்ட வரலாற்றுச் சரக்கு. சங்க காலத்தில் பருத்தித் துணிக்குப் பெயர்பெற்ற தலைநகரான உறையூர், பல்லவர் காலத்தில் பழைய பெருமை மங்கியிருந்த ஊர். பல்லவருக்கும் சோழ நாட்டுக்கும் அந்தக் காலத்தில் இருந்த உறவுக்குத் திருச்சியிலேயே கல்லில் சாட்சி இருக்கிறது. மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதி தாண்டி உச்சிப் பிள்ளையாருக்கு ஏறும் வழியில், நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் உள்ளது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் ஒரு சுவர் முழுக்க நிற்கிறார். இரு பக்கமும் உள்ள தூண்களில் வடமொழிக் கல்வெட்டு. தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரின் செல்வத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பேன் என்று சிவன் கேட்டதாகவும், அதற்காகவே மன்னன் இந்த மலைக்கோயிலை அமைத்ததாகவும் ஒரு சுலோகம் கூறுகிறது. இன்னொன்று காவிரியைப் பல்லவனின் காதலி என்கிறது. சோழ நாட்டுக்கு நடுவே, காவிரியைப் பார்த்தபடி, பல்லவன் செதுக்கி வைத்த சொத்துப் பத்திரம் அது. பார்த்திபனின் ரோஷத்துக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கதையில் வரும் ஓடக்காரன் பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் வாழும் தோணித்துறையை உறையூருக்குக் கிழக்கே ஒரு காத தூரத்தில் வைக்கிறார் கல்கி. காதத்தைப் பத்து மைலாகக் கொண்டால் கல்லணைப் பக்கம் போய்விடும். அரச குடும்பத்தின் வசந்த மாளிகை இருக்கும் காவிரித் தீவு என்றதும் பலருக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீரங்கம், முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட பெரும் நிலப்பரப்பு. கல்கியின் தீவோ ஒரு மாளிகையும் தோப்பும் கொள்ளும் திட்டு.

‘மதுரை வீரன்’ (1956) எடுத்த யோகானந்துக்கு ராஜா ராணிக் கதை பழக்கமானது. விந்தன், கல்கியிடமே இதழில் பணியாற்றிய எழுத்தாளர், பாடலும் எழுதினார். இந்தியில் உச்ச நட்சத்திரமாகிவிட்டிருந்த வைஜயந்திமாலா, ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்துக்குப் பின் மீண்டும் ஜெமினியுடன் சேர்ந்தார். டி.எஸ். பாலையா, பி.எஸ். வீரப்பா, எஸ்.வி. சுப்பையா, அசோகன், ராகினி, பி. சரோஜாதேவி ஆகியோரும் நடித்தனர்; குமாரி கமலாவின் நடனம் இடம்பெற்றது. படத்தை இன்றும் நினைவில் வைத்திருப்பவை ஏ.எம். ராஜா – பி. சுசீலா பாடிய காதல் பாடல்களும் எம்.எல். வசந்தகுமாரியின் பாடலும். பின்னாளில் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இந்தி மெட்டுகளைத் தமிழாக்கித் தந்தவர் என்றே பேசப்படும் வேதாவைப் பற்றி அப்படி மட்டும் பேசுபவர்கள் இந்தப் படத்தைக் கேட்க வேண்டும்.

1960ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. தெலுங்கில் ‘வீர சாம்ராஜ்யம்’ என்ற பெயரில் வெளியானது. ஸ்ரீகாந்த், சினேகா நடிப்பில் கரு. பழனியப்பன் 2003இல் இயக்கிய ‘பார்த்திபன் கனவு’ தற்காலக் குடும்பக் கதை. தலைப்பைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை.